முத்தோரைத் தொலைநோக்கியும் நம் பல்கலைக்கழகங்களும்

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் வடக்கு தெற்காக ஒரு மலைச்சரிவு இருக்கிறது. அதன் சாய்வு ஏறக்குறைய 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரிதான். இப்படியொரு சரிவைத் தேடி அலைந்து பிடித்தவர் வானியற்பியல் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கியை அந்தச் சரிவின் மேலேயே கிடத்தினால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அந்த ஓர் அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். பெரும் பொருட்செலவில் செய்யவேண்டிய வேலையில் பாதியை மலையே செய்துகொடுத்தது. 1970-இல் இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி இன்றும் அங்கே நிற்கிறது. அதைக் கட்டிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இன்று ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

இத்தகைய ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இதனால் சாமானியனுக்கு என்ன லாபம் என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்விதான், வரிப்பணம் கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதற்கு விஞ்ஞானிகள் வழக்கமாக நீட்டும் பட்டியலில்தான் நமக்கு முழுத் திருப்தி இல்லை.

பட்டியலில் உள்ளவை பொய்யல்ல. ஸ்டான்ஃபோர்டில் ஸ்வரூப்பின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்தவர் ரொனால்ட் பிரேஸ்வெல். வானத்தைப் பட்டை பட்டையாக அளந்து, அந்த அளவுகளிலிருந்து முழுப் படத்தை மீட்டெடுக்கும் கணிதத்தை 1956-இல் அவர் வகுத்தார். பின்னாளில் சி.டி. ஸ்கேன் படங்களை உருவாக்கும் முறைகளிலும் அந்தக் கணிதம் இடம்பிடித்தது. ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஜான் ஓ'சல்லிவன், வெடித்துச் சிதறும் சின்னஞ்சிறு கருந்துளைகளிலிருந்து ரேடியோ துடிப்பு வருகிறதா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் சிதைந்து வரும் சமிக்ஞையைச் சீராக்க அந்தத் தேடலில் பழகிய உத்திகள், 1990-களில் அவரும் சகாக்களும் உருவாக்கிய வைஃபை நுட்பத்துக்கு உதவின. அந்தக் காப்புரிமை ஆஸ்திரேலிய அரசு ஆய்வு அமைப்புக்கு 40 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது.

இதைச் சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். இந்தப் பலன்களை யாரும் முன்கூட்டியே வாக்குறுதியாகக் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கவும் முடியாது. கருந்துளைத் தேடலுக்கு நிதி கேட்டவரிடம் 'பயன் என்ன' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியிருந்தால், கம்பியில்லா இணையம் என்று அவர் எழுதியிருப்பாரா? அதைவிட முக்கியம், பலன் போய்ச் சேர்ந்த இடம். கருவியைத் தங்கள் கையால் கட்டி, அது தரும் தொல்லைகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள் எங்கே இருந்தார்களோ, பலன் அங்கேதான் தங்கியது. எங்கோ கண்டுபிடித்ததால் உலகமே பயனடைந்தது என்பது உண்மை. ஆனால் முத்தோரைக்கு ஏன் பணம் ஒதுக்கவேண்டும் என்று கேட்கும் கோத்தகிரிக்காரருக்கு அது பதிலாகாது.

பதில் நீலகிரியிலேயே இருக்கிறது. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் மியூவான் துகள்களை எண்ணும் பெரிய கருவி ஒன்று உண்டு. அதில் உள்ள ஆறு மீட்டர் இரும்புக் குழாய்கள் முன்பு கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்த சோதனைகளுக்குப் பயன்பட்டவை. அங்கே வேலை முடிந்ததும் காயலான் கடைக்குப் போகாமல் மலையேறி வந்தன. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியின் மேல் திரண்ட இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை இந்தக் கருவி கணித்துச் சொன்னது. அதுவரை மேகத்துக்குள் பலூன் அனுப்பி அளந்தவர்களுக்குக் கிடைத்த உச்சம் அதில் பத்தில் ஒரு பங்குதான். 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் மோதி பூமியின் காந்தக் கவசம் தளர்ந்த இரண்டு மணி நேரத்தையும் இதே கருவி பதிவு செய்தது. முத்தோரைத் தொலைநோக்கியோ, தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுமினுப்பதை வைத்துச் சூரியக் காற்றின் வேகத்தை, அது பூமியை எட்டுமுன்பே கணிக்கிறது.

சூரியப் புயல் ஏதோ வானத்துச் சமாச்சாரம் அல்ல. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் தள்ளியது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை விழவைத்தது. மின்தொகுப்பையும் செயற்கைக்கோளையும் நம்பியே ஓடும் நாட்டுக்கு இந்த முன்னறிவிப்பு ஆடம்பரமா?

ஆக, அறிவும் கருவியும் நம் மண்ணில் இருக்கின்றன. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள்தான் அவற்றை விட்டு எட்டியே நிற்கின்றன. கோடைப் பயிற்சி, பயிலரங்கு, ஒருநாள் பார்வையிடல் என்ற அளவில் தொடர்பு இருப்பது போதாது. கோவையிலோ மதுரையிலோ இயற்பியல் முதுகலை படிக்கும் மாணவர் ஒரு பருவம் முழுவதும் ஊட்டியில் தங்கி, ஏற்பி ஒன்றைப் பிரித்துப் பூட்டி, தரவில் உள்ள இரைச்சலோடு மோதிப் பழகவேண்டும். பாலிடெக்னிக் மாணவருக்கும் அந்தக் கதவு திறக்கவேண்டும். ஆண்டெனாவும் மின்சுற்றும் முனைவர் பட்டம் பெற்றவரின் கையால் மட்டும் ஓடுவதில்லை.

சம்பளம் போடவே தவிக்கும் பல்கலைக்கழகங்களிடம் வானியற்பியலா என்று கேட்கலாம். தொலைநோக்கி கட்டச் சொல்லவில்லை. அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. தேவைப்படுவது உதவித்தொகை, தங்குமிடம், கூட்டு முனைவர் பட்டத்துக்கான ஒப்பந்தம், துறைக்கு ஓரிரு ஆசிரியர்கள்.

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தேனி சாட்சி. அங்கே அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் வேண்டாம் என்று தமிழக அரசு 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. புலிகளின் வழித்தடம் உள்ளிட்ட காரணங்களைச் சொன்னது. அந்தக் காரணங்களின் கனத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் ஊர்மக்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் நடுவே நின்று இரு பக்கத்துக்கும் பேசக்கூடிய, அந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகத்துக் குரல் வலுவாக ஒலிக்கவே இல்லை.

இப்போது மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் சுமார் 2,600 கோடி ரூபாயில் ஈர்ப்பலை ஆய்வகம் வருகிறது. பல நாடுகள் சேர்ந்து கட்டும் 'ஸ்கொயர் கிலோமீட்டர் அரே' ரேடியோ தொலைநோக்கியில் பங்கேற்க 1,250 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. இரண்டுக்கும் ஆள் எடுப்பார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் தமிழக உயர்கல்வித் துறை ஊட்டியின் இரு ஆய்வகங்களோடும் ஒப்பந்தம் செய்து, முதல் அணி மாணவர்களை மலையேற்றவேண்டும். அதற்கான தொகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தனித் தலைப்பில் ஒதுக்கவேண்டும்.