சிறுநீரக நோயாளியின் பழைய எண் எங்கே?

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஈசிஜியில் தெளிவாக எதுவும் இல்லை. ரத்தத்தில் ட்ரோபோனின்-டி 68 நானோகிராம். இயல்பான உச்சவரம்பு லிட்டருக்கு 14தான். மாரடைப்பா? பணியிலிருக்கும் மருத்துவரால் உடனே சொல்ல முடியாது. அவருக்குச் சாதாரண நாளிலும் அது 60 இருந்திருக்கலாம். 25 ஆகவும் இருந்திருக்கலாம்.

இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம் ட்ரோபோனின். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாரடைப்பு இல்லாதபோதும் அது வரம்பைத் தாண்டியே இருக்கும். ‘கிட்னி பேஷன்ட்டுக்கு இப்படித்தான் காட்டும்’ என்று இதை ஒதுக்குவது பெரும் தவறு. சிறுநீரகம் வெளியேற்றாததால் கொஞ்சம் தேங்குவது உண்மைதான். ஆனால், ரத்த அழுத்தமும் உடலில் சேரும் நீரும் இதயச் சுவரைத் தடிக்கவைத்து, தசையை ஓயாமல் வருத்துவதும் அதே எண்ணில்தான் தெரிகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத டயாலிசிஸ் நோயாளிகளிலும், ட்ரோபோனின்-டி உயர்ந்தவர்களுக்கு மரண அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. அபாயத்தைக் கணிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004இலேயே இசைவளித்தது.

சிறுநீரகம் கெட்டால் மற்ற எண்களின் பொருளும் மாறிவிடுகிறது. கொலஸ்ட்ரால் குறைந்தால் நாம் நிம்மதி அடைகிறோம். டயாலிசிஸ் நோயாளிக்கு அது ஊட்டக்குறைவின், உள்ளே கனலும் அழற்சியின் அறிகுறியாக இருக்கக்கூடும். ஜெர்மனியில் சர்க்கரை நோயுள்ள 1,255 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து, 2005இல் வெளியான ஆய்வில் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரை கெட்ட கொழுப்பை வெகுவாகக் குறைத்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் மொத்தக் கணக்கில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. (டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் ஸ்டாட்டினால் நன்மை உண்டு, அதை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.) ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கதையும் இதேதான். ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்து அதைக் குறைத்தும், 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில் சிறுநீரக நோயாளிகளின் மரணங்கள் குறையவில்லை. சிகிச்சையை மாற்றாத ஹோமோசிஸ்டீன் பரிசோதனைக்கு ஏழை நோயாளியைச் செலவழிக்கவைப்பது நியாயமே இல்லை.

அந்தப் பணத்தை எதில் போடலாம்? நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு ரத்தத்தைவிடச் சிறுநீரே கூடுதலாகப் பேசும். சிறுநீரில் கிரியாட்டினினோடு ஒப்பிட்டு அல்புமின் என்ற புரதத்தைப் பார்ப்பது எளிய பரிசோதனை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் எச்சரிக்கை. சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் இதைப் பார்க்க வேண்டும்.

டயாலிசிஸ் நோயாளிக்கோ ட்ரோபோனின். நெஞ்சுவலியோடு வருபவருக்கு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, 20 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். நலமாக இருந்த நாளின் அளவும் கையில் இருந்தால் அந்த முடிவுக்கு இன்னும் வலு கூடும். மாதாந்திரப் பரிசோதனைக்காக டயாலிசிஸ் தொடங்கும் முன் எப்படியும் ரத்தம் எடுக்கிறார்கள். தனியாக ஊசி குத்தவே தேவையில்லை. டயாலிசிஸ் மையங்கள், அரசு மையங்கள் உட்பட, ஆண்டுக்கொரு முறையாவது அதே ரத்தத்தில் ட்ரோபோனினையும் பார்த்து நோயாளியின் கோப்பில் பதிய வேண்டும். எந்த வகை ட்ரோபோனின், எந்த ஆய்வகம் என்பதையும் குறிக்க வேண்டும். முறை மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. வீட்டிலுள்ளவர்கள் அந்த ரிப்போர்ட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள். அவசரப் பிரிவில் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுங்கள்.