இன்ஜினை இறக்கும் முன் யோசிப்போம்!

எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதனால் திருக்காட்டுப்பள்ளியில் பழைய டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள், "தம்பி, ஸ்டார்ட் பண்ணினா தட்டுது, இன்ஜினை இறக்கணுமா?" என்கிறார்கள்.

அவசரமே வேண்டாம் என்பேன். முதலில் ஆயில் மட்டம் பாருங்கள். ஆயில் லைட் அணையாவிட்டால் உடனே நிறுத்திடணும். டீசல் தாமதமாகப் பற்றி மொத்தமாக எரிவதால் வரும் தட்டல், சூடேறினால் குறையும்.

சூடான பின்னும் தட்டினால், இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கணும். (புது காமன்ரெயில் வண்டியில் கூடாது!) சத்தம் குறையும் சிலிண்டரில்தான் கோளாறு. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். சத்தமும் கூடவே போனால் இன்ஜெக்டர். போகாவிட்டால் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

வீணாய் இறக்கினால் குறுவைப் பணம் மொத்தமும் கரைந்துவிடும். நம்மை நம்பிக் கேட்பவருக்கு அந்த நஷ்டம் வரலாமா? சிந்திப்பீர்!