தோல்வியுற்ற சில்லையும் கற்பித்தல் வேண்டும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகும் தமிழாசிரியர் கம்பன் கவிநலத்தையோ வள்ளுவர் வாய்மொழியையோ எடுத்து மொழிதலே மரபு. நாம் வண்டிச் சில்லைப் பற்றி எழுத முற்பட்டமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு வணிகரது வண்டியைக் கண்ணுற்று, அதன் உருளியையும் ஆரத்தையும் சூட்டையும் பாரையும் ஒவ்வொன்றாக விரித்துரைத்திருக்கின்றார். அப்பெரும் புலவர்க்கு எளிதாகத் தோன்றாத பொருள் எமக்கு எளிதாதல் எங்ஙனம்?

எமது மாணவருள் எவனையேனும் நிறுத்தி, "காற்றடைத்த சில்லைக் கண்டுபிடித்தவர் யார்?" என வினவுக. "டன்லொப்" என ஒரே சொல்லில் விடை வரும். பொது அறிவு நூல்களும் அதனையே அச்சிடுகின்றன. அதற்கே புள்ளியும் கிடைக்கின்றது. அவ்விடை வரலாற்று முறையாற் பிழை. அதனினும் பெரிய குறை யாதெனின், அச்சில்லு எந்த இடுக்கணைத் தீர்க்க எழுந்தது, வேறு எவ்வெவ் வழிகள் முயலப்பட்டன, அவை ஏன் வீழ்ந்தன என்னும் வினாக்கள் அனைத்துக்கும் அவ்வொரு சொல் வாயிலை அடைத்துவிடுகின்றது. வென்றவர் பெயரை மாத்திரம் மனனஞ் செய்விக்கும் கல்வியால் பொறியியல் வல்லுநர் தோன்றார் என்பது எமது துணிபு. இதனை நிறுவுதற்கு, இன்று பெரும்பாலார் மறந்துபோன சுருள்விற் சில்லையே சான்றாக எடுத்துக்கொள்கின்றோம்.

இரும்புப் பட்டம் பூட்டிய மரச்சில்லு கல்வீதியில் உருளுங்கால் நிகழ்வது யாது? சில்லு ஒரு கல்லின்மேல் ஏறும்போது அச்சும் பாரும் வண்டியும் ஏற்றிய சுமையும் ஒருங்கே மேலெழ வேண்டும். அவற்றை எழுப்பும் வேலை மாட்டினுடையது. கல்லைக் கடந்தவுடன் அத்தனையும் கீழே விழுந்து மோதுகின்றன. மாடு செலவிட்ட உழைப்பு ஓசையாகவும் அதிர்ச்சியாகவும் வீணாகப் போகின்றது. மக்கி வீதிகளிற் பாரவண்டி செல்லும் ஒலியைக் கேட்டு வளர்ந்த மூத்த பழைய மாணவர்க்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை.

இவ்விடுக்கணுக்கு முதலிற் கண்ட பரிகாரம் அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வில்லுத் தகடுகளை வைத்தலாகும். 1804ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் ஒபதையா எலியற் என்பவர் நீள்வட்ட வடிவான வில்லுகளுக்கு ஆக்கவுரிமை பெற்றார். எம்மவர் வில்லுவண்டி எனப் பெயரிட்டு வழங்கியதும் இந்நெறியைச் சார்ந்ததே. இதனால் இருப்பவர்க்குச் சுகம் உண்டாயிற்று; சில்லுக்கும் அச்சுக்கும் உண்டாகவில்லை. அவை வில்லுக்குக் கீழே கிடப்பன ஆதலின், கல் கொடுக்கும் அடி முழுவதையும் அவையே தாங்கின. ஆகவே, "மெத்தையை ஆசனத்தின் கீழே வைப்பதை விடுத்துச் சில்லினிடத்திலேயே வைத்தால் என்ன?" என்னும் வினா பிறந்தது. வினா நல்ல வினா. அதற்கு வந்த விடைகளே எமது பொருள்.

முதல்விடை தந்தவர் டன்லொப் அல்லர். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் இளைஞர், தமது இருபத்துமூன்றாம் வயதில், 1845ஆம் ஆண்டிலே காற்றுச் சில்லுக்கு ஆக்கவுரிமை பெற்றார். இறப்பர் ஊட்டிய கன்வஸ் துணியாற் குழாய் செய்து, அதனைத் தோலுறையுட் பொதிந்து, சில்லின் விளிம்பிற் பூட்டிக் காற்றை நிரப்பினார். 1847ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் றீஜன்ற் பூங்காவில் அவை குதிரை வண்டியில் ஓடிக் காட்டப்பட்டன. ஒரு தொகுதிச் சில்லுகள் 1,200 மைல் ஓடியும் பழுதுபடவில்லை. தொம்சன் வாய்ப்பேச்சோடு நின்றாரல்லர்; இழுவிசையை அளந்தும் பார்த்தார். இறுகிய கல்வீதியிற் சாதாரணச் சில்லுக்கு 45 இறாத்தல் இழுவிசை வேண்டப்பட, காற்றுச் சில்லுக்கு 28 இறாத்தலே போதுமாயிற்று. புதிதாக உடைத்துப் பரப்பிய கல்லின்மேல் முன்னதற்கு 120 இறாத்தல். பின்னதற்கு 38½ இறாத்தல். வீதி கெடக் கெடக் காற்றுச் சில்லின் நன்மை பெருகுகின்றது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அறிவியல் வகுப்பில் இவ்வெண்களை மாணவர் கையிற் கொடுத்துக் காரணம் வினவினால், அரைமணி நேரம் எவ்வளவு சுவையாகக் கழியும்!

இருந்தும் அச்சில்லு பரவிற்றில்லை. இறப்பர் அக்காலத்தே காடுகளிலிருந்து திரட்டப்பட்ட அருஞ்சரக்கு. விலையோ மிக அதிகம். சிறுபாரத்தோடு விரைந்து செல்லும் ஊர்தியொன்றும் வீதியில் இல்லை. தொம்சனே பின்னர் 1867ஆம் ஆண்டளவிலே நீராவி வீதியெந்திரங்களுக்குக் கட்டி இறப்பர்ச் சில்லுகளை அமைக்கும் பணியில் இறங்கி, 1873ஆம் ஆண்டில் இறந்தார். மறதி அவர் பெயரை மூடிற்று.

1885ஆம் ஆண்டளவிலே இரு சில்லும் சிறியனவான துவிச்சக்கர வண்டி சந்தைக்கு வந்தது. சில்லு சிறுக்கச் சிறுக்கக் குலுக்கல் பெருகும் என்பது வண்டியோட்டுவோர் யாவரும் அறிந்ததே. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் போயிட் டன்லொப், தம் மகனது முச்சில்லு வண்டிக்காகச் செய்த காற்றுச் சில்லுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலே வில்லியம் ஹியூம் என்னும் வீரர் அச்சில்லு பூட்டிய வண்டியில் ஏறிப் பந்தயங்களை வென்றார். பின்னர்த் தொம்சனது பழைய பத்திரம் வெளிப்பட, டன்லொப்பின் ஆக்கவுரிமை செல்லாதாயிற்று. டன்லொப்பை நாம் குறைத்து மதிக்கின்றோமல்லேம். அவர் தாமாகவே சிந்தித்துச் செய்தவர்; காலமும் அவர்க்குத் துணைநின்றது. ஆயினும் "கண்டுபிடித்தவர் யார்?" என்னும் வினாவுக்கு ஒரு சொல் விடை எத்துணைப் பொருந்தாது என்பதை இவ்வரலாறே காட்டும்.

இனிச் சுருள்விற் சில்லுக்கு வருவோம். காற்றுச் சில்லு மோட்டார் வண்டியில் ஏறியபோது அது பெருந் தொல்லையாயிருந்தது. 1895ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரினின்று போர்டோ சென்று மீளும் பந்தயத்தில், ஏறத்தாழ 1,180 கிலோமீற்றர் தூரத்தை, மிச்செலின் சகோதரர் காற்றுச் சில்லோடு ஓட்டினர். வழிநெடுக ரியூப்பு வெடிப்பதும் மாற்றுவதுமாக அவர் பட்ட பாடு பெரிது. குதிரை இலாடத்து ஆணிகள் சிதறிக் கிடந்த வீதிகளில் வேறென் செய்வது? அதனால், "காற்றும் வேண்டா, இறப்பரும் வேண்டா, இரும்பு வில்லே போதும்" என எண்ணியோர் பலர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அக்காலத்தே எழுந்த சுருள்விற் சில்லு ஆக்கவுரிமைகள் மிகப் பல. சிலர் ஆரக்கால்களை நீக்கி, குடத்துக்கும் விளிம்புக்கும் இடையிற் சுருள்விற்களை நிறுத்தினர். வேறு சிலர் விளிம்பையே இரண்டாக்கி, அவற்றின் நடுவே விற்களை நிரைத்தனர். கடதாசியில் நோக்குவார்க்கு இவற்றில் ஒரு குறையுந் தோன்றாது. ஆணி குத்தாது, வெடிக்காது, காற்றடிக்கும் பம்பும் வேண்டியதில்லை.

வீதியில் அவை ஏன் தோற்றன? வண்டிக்குக் கீழுள்ள வில்லுத் தகடு பள்ளமும் மேடும் வரும்போது மாத்திரமே பெரிதும் வளையும். சில்லினுள் வைத்த வில்லின் கதி வேறு. சுமையினாற் குடம் சற்றே கீழிறங்கி நிற்பதால், கீழ்ப்புறத்து வில்லுகள் நெருங்கும்; மேற்புறத்து வில்லுகள் நீளும். சில்லு உருள, கீழிருந்தது மேலாகி மேலிருந்தது கீழாகும். எனவே கண்ணாடிபோன்ற வீதியிலுங்கூட, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு வில்லும் ஒருமுறை நெருங்கி ஒருமுறை நீளவேண்டும். 30 அங்குல விட்டமுள்ள சில்லு ஒரு மைலில் ஏறத்தாழ 672 முறை சுற்றும். மணிக்கு 20 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு 224 சுற்று. ஆயிரம் மைல் ஓடி முடிவதற்குள் ஒவ்வொரு வில்லும் 672,000 முறை வளைந்து நிமிர்ந்திருக்கும். இரும்புக் கம்பியொன்றைக் கையாற் பலகாலும் வளைத்து முறித்த சிறுவன் எவனுக்கும் இதன் முடிவு விளங்கும்.

அது மாத்திரமன்று. வண்டி திரும்பும்போது சில்லைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஒன்றுண்டு. எஞ்சின் சுழற்றும் விசையும் குடத்திலிருந்து விளிம்புக்குச் செல்லவேண்டும். மேலுங் கீழும் மாத்திரம் அசையவேண்டிய வில்லு இவற்றுக்கு ஆற்றாது; ஆதலாற் சறுக்குத் தகடுகளும் மூட்டுகளும் சேர்த்தனர். சேர்த்த ஒவ்வொரு மூட்டிலும் புழுதியும் சேறும் புகுந்தன, தேய்வும் கிறீச்சிடலும் தொடர்ந்தன, பாரமும் கூடிற்று. இத்தனைக்குப் பின்னும் விளிம்பு விறைத்த இரும்பாகவே இருப்பின், சிறு கல்லொன்று வந்தாலும் விளிம்பு முழுவதும் அதன்மேல் ஏறியே தீரவேண்டும். காற்றுச் சில்லோ கல்லுக்கு நேரான சிறு பகுதியில் மாத்திரம் குழிந்து, அதனைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மிச்செலின் சகோதரர் 1898ஆம் ஆண்டிலே, தமது சில்லு வழித்தடையைக் குடித்துவிடும் என விளம்பரஞ் செய்து, அதற்கு உரோமப் புலவர் ஹொரேஸின் சொற்களை எடுத்தாண்டனர். இலக்கியத்துக்கும் சில்லுக்கும் உறவில்லை என்போர் இதனை நோக்குவாராக. காற்றாகிய வில்லுக்கு முறிவில்லை, மூட்டில்லை, பாரமும் இல்லையெனவே சொல்லலாம். காற்று வென்றதன் காரணம் இதுவே. சுருள்விற் சில்லு ஏன் தோற்றதென ஆராய்ந்தவனுக்கே இது முற்றாக விளங்குகின்றது.

காற்றுக்கு உறையாகிய இறப்பரின் வரலாறு இத்தீவையும் தொட்டுச் செல்கின்றது. 1876ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டு விதைகளினின்று கியூ பூந்தோட்டத்தில் முளைத்த நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் மோட்டார் வண்டி பெருகியபோது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் விடியற்போதில் எழுந்து பால் வெட்டினர். உலகத்துச் சில்லுகளுக்கு மெத்தை வாய்த்ததில் அவர்தம் கைக்கும் பங்குண்டு. இறப்பர் கிடையாத இடத்தில் நிகழ்ந்தது யாது என்பதற்கு முதல் உலகப் போர்க்காலத்து ஜெர்மனி சான்று. கடல்வழி அடைபட்டதனால் அங்கே சைக்கிளுக்கும் பாரவண்டிக்கும் இரும்புவிற் சில்லுகளைப் பூட்டி ஓட்டினர். தோற்ற கருத்து, தேவை வந்தபோது மீளவும் வாயிலில் வந்து நின்றது.

பின்னும் ஒருமுறை அது வந்தது. 1971ஆம் ஆண்டிலே அப்பலோ 15 விண்வெளிப் பயணத்தில் சந்திரன்மீது ஓட்டிய வண்டியின் சில்லுகளில் இறப்பரும் இல்லை, அடைத்த காற்றும் இல்லை. நாகம் பூசிய உருக்குக் கம்பியை வலைபோற் பின்னி, தைத்தேனியத் தகடுகளை மேலே பதித்துச் செய்தனர். மெதுவாக, சிறிது தூரமே செல்லவேண்டிய வண்டிக்கு முன்சொன்ன 672,000 என்னும் எண் அச்சந்தருவதன்று. ஒரு நிலையில் தோற்றது மற்றொரு நிலையில் வெல்லும். எந்நிலையில் என்பதை அறிய, தோற்ற காரணத்தைக் கணக்கோடு அறிந்திருத்தல் வேண்டும்.

இதனை வகுப்பிற் செய்தல் இயலுமா எனக் கேட்பர். எட்டாம் வகுப்பில் விவரணக் கட்டுரைப் பயிற்சிக்காக, காற்றும் இறப்பரும் இன்றிக் குலுக்கல் தாங்கும் சில்லொன்றை வரைந்து தமிழில் விளக்குமாறு நாம் கொடுத்ததுண்டு. ஒருவன் ஆரக்கால்களை நீக்கிச் சுருள்விற்களை வரைந்தான். அயலிலிருந்தவன் எட்டிப் பார்த்து, "வண்டி திரும்பேக்கை சில்லு சரிஞ்சு போமே!" என்றான். ஆக்கவுரிமைக்காரர் பலர் பணம் செலவிட்டு அறிந்ததை அவ்விருவரும் ஐந்து நிமிடத்தில் அறிந்தனர். மற்றொரு பயனும் கண்டோம். குடம், ஆரக்கால், வட்டை, பட்டம், அச்சாணி என்னும் சொற்களை அறியாத மாணவர், "அந்த நடுவிலை இருக்கிற சாமான்" என எழுதித் திணறினர். சொல்லைப் பெற்றவுடன் சிந்தனையும் தெளிந்தது. கலைச்சொல் இல்லையென வருந்துவோர் தச்சரையும் கொல்லரையும் ஒருமுறை கேட்டறிதல் நன்று.

பாடத்திட்டம் முடிவதற்கே நாள் போதாது என அறிவியல் ஆசிரிய நண்பர்கள் கூறுவர். அது மெய், பரீட்சைக்கு அணியஞ் செய்ய வேண்டிய பொறுப்பு அவர்க்குண்டு. ஆயினும் மூன்றாந் தவணைப் பரீட்சை முடிந்தபின் வாளாகழியும் நாள்களில் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்குதல் அரிதன்று. வரைந்ததைத் தகரத்திலும் கம்பியிலும் செய்து பார்க்கவும், அது முறிந்தால் முறிந்த இடத்தைக் குறித்து எழுதவும், அக்குறிப்புக்குப் புள்ளி வழங்கவும் வேண்டும். முறிந்தமைக்காகப் புள்ளி குறைத்தல் ஆகாது.

பொறியியலாளராயும் தொழில்நுட்ப அலுவலராயும் விளங்கும் பழைய மாணவர், விழாவுக்கு வரும்போது ஒரு மாலைப்பொழுதை இதற்கெனத் தருவாராயின் பேருதவியாகும். சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது இன்னுமொன்று. வன்னிப் பகுதியிலோ தீவுப் பகுதியிலோ கைவிடப்பட்டுக் கிடக்கும் மரச்சில்லு ஒன்றைத் தேடி அறிவியற்கூடத்துக்குச் சேர்ப்பிக்க. இரும்புப் பட்டத்தைத் தீயிற் காய்ச்சி, விரிந்த நிலையில் மரத்தின்மேல் ஏற்றி, நீரூற்றிச் சுருங்கச் செய்யும் கொல்லர் எவரேனும் அறிமுகமாயின், மாணவரை அழைத்துச் சென்று காட்டுதற்கு நாமே பொறுப்பேற்போம்.