காசில்லாப் பேச்சு

மேற்கு மலை அடிவாரத்திலுள்ள மம்சாபுரத்தில் ஒரு தாயார் சிங்கப்பூரிலிருக்கும் மகனோடு அரை மணி நேரம் பேசுகிறாள், முகத்தையும் பார்க்கிறாள், அதற்கென்று தனியாக ஒரு காசும் கொடுப்பதில்லை. 1990-களில் இதே தாயார் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மேலே ஓடும் கட்டண எண்களில் கண் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கியாப்பா? சாப்பிட்டியா? சரி, வச்சிர்றேன்" என்று முடித்திருப்பாள். சொல்ல நினைத்த விஷயம் வீடு திரும்பும் வழியில்தான் ஞாபகத்துக்கு வரும்! இந்த ஒரு மாறுதலுக்காகவே இணையத் தொலைபேசிக்கு நாம் ஒரு கும்பிடு போடலாம்.

இந்த ஸௌகரியம் நமக்கு எளிதில் கிட்டிவிடவில்லை. அயல்நாட்டுப் பேச்சு விதேஷ் சஞ்சார் நிகமின் ஏகபோகமாயிருந்த காலத்தில், இணையத்தின் வழியே தொலைபேசுவதற்குச் சர்க்கார் இடம் கொடுக்கவில்லை. 2002-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி அனுமதி வந்தது. அதிலும் ஒரு விசித்திரம்: கணிப்பொறியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியைக் கூப்பிடலாம், உள்நாட்டுத் தொலைபேசியைக் கூப்பிடலாகாது. மம்சாபுரத்திலிருந்து லண்டன் கிட்டம், ராஜபாளையம் தூரம்! 2018-ல்தான் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற பெயரில் உள்நாட்டுத் தொலைபேசிகளையும் இணையத்தின் மூலம் அழைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று.

பேச்சு எப்படிப் போகிறதென்றால், குரலை வினாடிக்குச் சுமார் ஐம்பது துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் விலாசம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். துண்டுகள் ஒரே வழியாகத்தான் வரவேண்டுமென்பதில்லை. பிந்தி வந்த துண்டு குப்பைக்குப் போகும். அப்போதுதான் "கேட்கிறதா, கேட்கிறதா" என்ற மந்திர ஜபம் ஆரம்பமாகிறது.

அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேறு சிலவற்றைப் பொறுக்க முடியாது. பழைய கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. ஊர் இருண்டாலும் அது பேசிற்று. இன்று வீட்டில் மின்சாரம் நின்றால் வைஃபை பெட்டியும் ஊமை. அவசரத்துக்கு 112-ஐ வாட்ஸ்அப்பில் அழைக்கவும் முடியாது.

மின்சாரம் இருந்தாலும் சர்க்காரின் தயவு வேண்டும். 2018 மே 22-ந் தேதி தூத்துக்குடியில் தொடங்கிய துப்பாக்கிப் பிரயோகத்தில் பதின்மூன்று பேர் மாண்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் இணையத்தை நிறுத்தினார்கள். நமது ஜில்லாவின் எல்லைக்கு அப்பால் நடந்தது அது. வதந்தியை அடக்குவதற்கென்று சொன்னார்கள். இணையப் பேச்சையே நம்பியிருந்த வீடுகள் பிள்ளை பத்திரமா என்று விசாரிக்கத் தவித்திருக்கும். ஜனங்களின் வாயை ஓர் உத்தரவினால் மூடக்கூடிய சாதனத்தை, மலிவு என்பதற்காக மட்டும் ஒரே சாதனமாக வைத்துக்கொள்ளலாமா?

இன்னொரு தொல்லை முகம் காட்டிக்கொண்டே வருகிறது. போலீஸ் உடுப்பும், பின்னால் தலைவர் படமுமாகத் திரையில் ஒருவன் தோன்றி, "உம்மைக் கைது செய்திருக்கிறோம்; இடத்தை விட்டு அசையாதீர்" என்கிறான். இதற்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர். நம் தேசத்துச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்ல நேர்ந்தது. பென்ஷன் பணத்தோடு தனியாயிருக்கும் பெரியவர்களைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். பெரியவர்களும் மானத்துக்குப் பயந்து பிள்ளைகளிடம் கூடச் சொல்வதில்லை. பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930-க்குத் தெரிவிக்க வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டேயிருக்கும்.

இத்தனைக்கும் பேசும் பாதை அன்னியக் கம்பெனிகளுடையது. 2003-ல் பிறந்த ஸ்கைப்பை அதன் முதலாளிகள் 2025 மே மாதத்தில் மூடிவிட்டார்கள். நம்மை யார் கேட்டார்கள்?

சிங்கப்பூர்ப் பேச்சு நடக்கட்டும். ஆனால் சாதாரண அழைப்புக்கான சந்தா தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டு, 112, 1930, குடும்ப டாக்டர், பக்கத்து வீடு ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது.