நாளேட்டுச் சோதிடம்

நாள் பார்ப்பவனையும் பல்லி விழும் பலன் சொல்பவனையும் கண்டு நகைக்கிறோம் நாம். ஆனால் தோழர்களே, கோட்டும் சூட்டும் அணிந்தவர் ஆரூடம் கூறினால் மட்டும் அடங்கிப்போவதேன்?

1967ஆம் ஆண்டு. நான்காவது பொதுத்தேர்தல் நெருங்கிய வேளை. இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் செய்தியாளர் நெவில் மாக்ஸ்வெல் இந்தியாவைக் கண்டார். வறட்சியைக் கண்டார், வாடிய வயிறுகளைக் கண்டார், 100க்கு 30 பேர்கூட எழுத்தறிந்திராத நாட்டைக் கண்டார். கண்டவை பொய்யல்ல. கொண்ட முடிவு? சனநாயகம் சிதைகிறது, இதுவே கடைசிப் பொதுத்தேர்தல் என்றார்!

நடந்தது என்ன? 20 ஆண்டுகளாகச் சென்னை மாநிலத்தை ஆண்ட காங்கிரசு வீழ்ந்தது. 1957இல் 15 இடங்களும் 1962இல் 50 இடங்களும் பெற்ற கழகம் கோட்டை ஏறிற்று, அண்ணா முதலமைச்சரானார். பெருந்தலைவர் காமராசரை விருதுநகரில் மாணவர் தலைவராயிருந்த ஓர் இளைஞர் வென்றார். துப்பாக்கி வெடிக்கவில்லை, துரைத்தனம் மாறியது! அரிசித் தட்டுப்பாட்டையும் இந்தித் திணிப்பையும் எடைபோட எழுத்தறியா ஏழைக்குத் தெரிந்திருந்தது. எழுத்தறியாமை வேறு, அறியாமை வேறு.

சனநாயகத்திற்கு ஆபத்து வரவில்லையா? வந்தது, 1975இல், நெருக்கடிநிலை வடிவில். குடிசையிலிருந்தா வந்தது? கோலோச்சிய இடத்திலிருந்து வந்தது! 1977இல் அதற்குத் தீர்ப்பெழுதியவர் யார்? வடபுலத்துப் பாமர மக்களன்றோ!

இவ்வளவுக்குப் பின்னரும், பெருங்குடியின் கண்ணாடி மாளிகைகளுக்கு அருகே பாடம் நடத்தும் நமது காதில் விழுவது என்ன? "படிக்காதவனுக்கு எதற்கு ஓட்டு?" பேசுபவை, படித்த வாய்கள்! 2022 உள்ளாட்சித் தேர்தலில் தமிழக நகரங்களில் 100க்கு 60 பேர் வாக்களித்தனர். பெருங்குடியை உள்ளடக்கிய சென்னை மாநகராட்சியிலோ 44 பேர்கூட வரவில்லை. பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த தலைநகரத்தின் இலட்சணம் இது!

"வாக்குக்குக் காசு வாங்குகிறார்களே!" என்பர். வாங்குவோர் உண்டு, அதைக் கண்டிக்கிறோம். ஆனால் நீளும் கை ஏழையின் கையெனில், நீட்டும் கை எவருடையது? அக்கையைக் கேட்க அஞ்சுவோர், ஏழையின் உரிமையைப் பறிக்கத் துடிப்பதேன்?

மாக்ஸ்வெல் அயலார், அவர் கணிப்புப் பிழைத்தது, மறப்போம். இங்கேயே பிறந்து, இங்கேயே பயின்று, வாக்குச்சாவடி வாயிலை மிதிக்காமல் வீட்டுக்குள்ளிருந்தே நாட்டுக்குச் சாவோலை எழுதுவோரை எப்படி மறப்பது?

இளைஞனே, அடுத்த தேர்தலன்று நமது பள்ளி வாயிலில் வரிசை நிற்கும். கைநாட்டு வைக்கும் மூதாட்டி அதில் நிற்பார். பட்டம் பெற்ற நீ எங்கே நிற்பாய்?