பெயர் மாறினால் புத்தகம் தொலையுமா?

ஐயம்பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போய்வரும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தாள். தமிழ் முதுகலை படிக்கிறாள். அயோத்திதாசர் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். "நூலகக் கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்தேன் அண்ணா, அவர் புத்தகம் ஒண்ணுகூட இல்லைன்னு வருது" என்றாள். நானும் கூடப் போனேன். அலமாரியில் கால் மணி நேரம் துழாவியதில் இரண்டு தொகுதிகள் கிடைத்தன. பதிவில் இருந்த பெயர் 'அயோத்திதாஸ பண்டிதர், க.' என்பது. அவள் தட்டியது 'அயோத்திதாசர்'. ஓர் எழுத்து வித்தியாசத்தில், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய மனிதரே காணாமல் போயிருந்தார்.

அந்த நூலகரைக் குறை சொல்ல மாட்டேன். தலைப்புப் பக்கத்தில் இருந்ததை அப்படியே பதிந்திருக்கிறார். ஆனால் நூற்பட்டியல் முறையில் இதற்கு வழி எப்போதோ உண்டு. ஒரு பெயரை முதன்மையாக வைத்து, மற்ற எழுத்து வடிவங்களை எல்லாம் அதனோடு இணைத்துவிட வேண்டும். அட்டைப் பெட்டிகள் இருந்த காலத்தில் 'காண்க' என்று ஒரு தனி அட்டை போடுவார்கள். கணினிக்கு மாறும்போது பல இடங்களில் அந்த அட்டைகளைத்தான் முதலில் கைவிட்டோம்.

ஆள் பெயருக்கே இந்தக் கதி என்றால் மக்கள் பெயருக்கு? இழிவாக ஒலித்த பழைய பெயர்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என 1922-இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் எம்.சி.ராஜா. அதற்கு முன் 'பஞ்சமர்', பின்னர் 'ஹரிஜன்', 'தாழ்த்தப்பட்டோர்', 'பட்டியல் சாதியினர்', 'தலித்'. இன்று 'தலித்' என்று மட்டும் தேடும் மாணவருக்கு 1920-களின் நூல் எதுவும் வராது. பழைய சொல் நமக்குக் கசக்கிறது, உண்மைதான். அதைத் தலைப்பாக வைக்க வேண்டாம். ஆனால் அதைத் தட்டினாலும் இன்றைய பெயருக்குக் கொண்டுவந்து விட வேண்டும். அழித்துவிட்டால் நம் வரலாற்றுக்குப் போகும் பாதையும் சேர்ந்து அழியும். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம்கூட 'தீண்டத்தகாதோர்' என்ற பொருள் தலைப்பை மாற்றி இப்போது 'தலித்துகள்' என்றே வைத்திருக்கிறது. பழைய சொல் தேடலுக்கான இணைப்பாக மட்டும் நிற்கிறது.

அடுத்து, அலமாரி. பாமாவின் 'கருக்கு' தமிழ் இலக்கியத்துக்குரிய 894.811-இல் நிற்கலாம்; தன்வரலாறு வரிசையிலும் நிற்கலாம்; சாதி பற்றிய சமூகவியல் வரிசையிலும் நிற்கலாம். புத்தகம் ஒன்று, நிற்கும் இடமும் ஒன்றுதான். இந்த எண்முறையை 1876-இல் தந்தவர் மெல்வில் டூயி. (இனவெறி, பெண்களிடம் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றுக்காக அவர் பெயரை ஒரு விருதிலிருந்து அமெரிக்க நூலகச் சங்கம் 2019-இல் நீக்கியது வேறு கதை.) ஒரு நூலைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று 1933-இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தவர் நம் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன். கணினிப் பதிவில் ஒரு நூலுக்கு எத்தனை பொருள் தலைப்பு வேண்டுமானாலும் கொடுக்கலாம், காசு செலவில்லை. இருந்தும் நான் பார்த்த பல பதிவுகளில் 'இலக்கியம்' என்ற ஒற்றைச் சொல்தான்.

இங்கே நெசவு வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் புடவை, என்ன விலை என்று கடையில் பேசுவது சீட்டுதான். சீட்டில் தறிக்காரர் பெயர் இராது.

வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் அது. காலனி வீட்டுக்காரரும் கட்டுகிறார். ஆகவே கேட்க உரிமை உண்டு: பதிவில் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டத்தை நிரப்புங்கள், தலித் எழுத்துகளுக்குக் குறைந்தது மூன்று பொருள் தலைப்பாவது கொடுங்கள், அவை எவை என்று முடிவு செய்யும்போது அந்த மக்களில் படித்தவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

அந்த மாணவி இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். அம்பேத்கர், அம்பேத்கார், அம்பேட்கர். இரட்டைமலை சீனிவாசன், ரெட்டைமலை சீனிவாசன், ஸ்ரீநிவாசன். நான்கு பக்கம் தாண்டிவிட்டது. அடுத்த வாரம் நூலகரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.