லானைக் கெடுப்பது கோரை அல்ல!

சென்னையில் பல கல்லூரிகளுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது "புல்லில் நடக்காதீர்கள்" என்ற பலகை. அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் நடப்பதற்குப் புல்லே இருக்காது! பாதி கோரை, மீதி சொட்டைத் தலை மாதிரி வெறும் மண். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதே கதைதான். ஏதாவது விழா நெருங்கினால் ஒப்பந்தக்காரர் வருவார். பழையதைச் சுரண்டி எறிவார். சதுர அடிக் கணக்கில் கொரியன் புல்லைப் பாய் பாயாக விரித்துவிட்டுப் போவார். போட்டோவில் பச்சைப் பசேல். ஒன்றிரண்டு மழைக்காலம் போனதும் மறுபடியும் கோரை, மறுபடியும் ஒப்பந்தக்காரர்...

கேட்டால் எல்லோரும் கோரையைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் புல்லைக் கொன்றது கோரை அல்ல. புல் செத்த இடத்தில் அது குடியேறியது, அவ்வளவுதான். கொன்றது "பராமரிப்பு" என்ற பெயரில் நடக்கும் வேலை.

கோரை ஒன்றும் அப்பாவி இல்லை. உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி லெராய் ஹோமும் அவருடைய சகாக்களும் 1977-ல் வெளியிட்ட நூலில் அதற்குத்தான் முதலிடம். இரண்டாமிடம் யாருக்குத் தெரியுமா? நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லுக்கு! "பெர்முடா புல்" என்ற பெயரில் இதையும் இதன் கலப்பின வகைகளையும்தான் விளையாட்டு மைதானங்களில் காசு கொடுத்து வளர்க்கிறார்கள். வெயில், வறட்சி, மிதி எல்லாவற்றையும் தாங்கும். கோரையோடு மல்லுக்கட்டக்கூடிய பயில்வான் உள்ளூரிலேயே இருக்கிறது. அதுவே தோற்கிறது என்றால், யாரோ அதன் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

முதலில், வெட்டும் முறை. மாதத்துக்கு ஒரு தடவை மிஷினை ஓட்டி மொட்டை அடிக்கிறார்கள். புல் உணவு தயாரிப்பது இலையில். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் வேரின் வளர்ச்சி நின்றுபோகும். கோரைக்கு அந்தக் கவலை இல்லை. மண்ணுக்குள் கிழங்கில் சேமிப்பு வைத்திருக்கிறது. இரண்டே நாளில் தலை நீட்டும்.

அடுத்து, தண்ணீர். தினமும் சாயங்காலம் ஹோஸ் பைப்பால் மேலாக நனைக்கிறார்கள். மேல்மண் எப்போதும் ஈரம், அடியில் வறட்சி. புல்லின் வேர் கீழே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஈரத்தில் செழிக்கும் கோரைக்கோ கொண்டாட்டம்.

மூன்றாவது, களையெடுப்பு. கூலிக்கு வரும் பெண்கள் நாள் முழுக்க வெயிலில் குந்தி கோரையின் தலையைப் பிடுங்குகிறார்கள். கிழங்குகள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. அரைகுறையாகக் கொத்தினால் சங்கிலி அறுந்து, தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் முளைக்கின்றன. அதாவது, அந்தப் பெண்களின் உழைப்பை வாங்கி கோரையைப் பெருக்குகிறார்கள்! இதில் பழி மட்டும் "சரியாகப் பிடுங்கவில்லை" என்று அவர்கள் மேலேயே விழுகிறது. இது அநியாயம் இல்லையா?

கடைசியாக, புதிதாகக் கொண்டுவந்து கொட்டும் ஏரி மண்ணோடும், புல்பாயில் ஒட்டிய களிமண்ணோடும் கோரைக் கிழங்கும் சேர்ந்தே வருகிறது. எதிரியைக் காசு கொடுத்து அழைத்து வருகிறார்கள்.

"மருந்து அடித்தால் போச்சு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளைபோசேட் புல், கோரை என்று பேதம் பார்க்காது. முளைக்காமல் உறங்கும் கிழங்குக்கு அது போய்ச் சேராது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்தது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. விவாதம் எப்படியிருந்தாலும், பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே தெளிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. மாணவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில், கையுறைகூட இல்லாத தோட்டக்காரர் தெளிக்கிற பொருள் அல்ல அது.

அப்படியானால் வழி? கோடை உழவு செய்யும் எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். சித்திரை வெயிலில் அரை அடி ஆழம் கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, பதினைந்து நாள் மண்ணைக் காயப் போட வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு, மிச்சம் முளைத்ததும் புதுக் கிழங்கு வைப்பதற்குள் தோண்டி எடுக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை. அதற்கப்புறம் நன்றாக மக்கிய உரம் கலந்து, கணுவுள்ள அருகந்தண்டுகளை நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக நட வேண்டும். வேர் பிடித்த பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை ஆழமாக நீர் பாய்ச்சினால் போதும். உயரம் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் அடிக்கடி லேசாக வெட்டினால், நெருங்கி வளர்ந்த புல்லின் நிழலே கோரையை அடக்கும்.

"தண்ணீருக்கே வழியில்லாத ஊரில் லான் எதற்கு?" என்று கேட்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அதனால்தான் லான் சின்னதாக இருக்க வேண்டும். மரத்தடியில் அருகு வராது, அங்கே சருகு கிடக்கட்டும். நல்ல வெயில் படும் இடத்தில் மட்டும், ஆட்கள் உட்காரவும் ஓடவும் புல் இருக்கட்டும். வேரோடிய அருகு ஒரு வறட்சியில் காய்ந்தாலும் அடுத்த மழையில் துளிர்க்கும். விரித்த பாய் காய்ந்தால் குப்பைதான்.

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோம். வாழ்த்துக்கு மட்டும்தானா அருகு? வேரோட மூன்று மாதம் பொறுக்காத நிர்வாகங்கள், வருஷா வருஷம் பாய் வாங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும். புல் வந்ததும் முதலில் அந்தப் பலகையைப் பிடுங்கட்டும். மிதித்தால் சாகாத புல்லுக்குக் காவல் எதற்கு?